சிவப்புப் பெயின்ட் அடித்த கியர்

கோவிந்தராஜனுக்குக் கோபம் வந்தால் எதையாவது கழற்றிச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவார். வீட்டில் என்றால் மிக்ஸி, சீலிங் ஃபேன், குளியலறைக் குழாய். அவர் ஸ்க்ரூ டிரைவரோடு நடமாடுகிற நாட்களில் மனைவி வேதவல்லி பேச்சைக் குறைத்துக்கொண்டு டிவி சத்தத்தையும் குறைத்துவிடுவாள். அந்தப் புதன்கிழமை காலையில் அவர் பட்டறையில் கடைசல் லேத்தின் இடது பக்கத்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெறும் கோபம் இல்லை. நூர் முகமதுதான் மெஷினைக் கெடுத்தான் என்பதற்குக் கையில் ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் ரயில்வே லைனை ஒட்டிப் போகிற சந்தில், தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். வாசலில் 'ஜி.என். இன்ஜினியரிங்' என்று போர்டு. ஜி என்றால் கோவிந்தராஜன், என் என்றால் நூர். இருவரும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். அதை மூடியபோது கிடைத்த பணத்தைச் சேர்த்துப்போட்டு இந்த லேத்தை ஏலத்தில் எடுத்தார்கள். இங்கிலீஷ்காரன் செய்த மெஷின், இருவரையும்விட வயதில் மூத்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, நூர் முன்னால் உட்காராமல் பின்னால் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியைப் பிடித்துக்கொள்வதுபோல் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார். அது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

கோவிந்தராஜனின் தாத்தா சோளிங்கர் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குத் துணி தைக்க செகந்திராபாத் வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் வீட்டில் வட ஆற்காட்டுப் பேச்சுதான். நூரின் தாய் வாணியம்பாடி, தகப்பனார் ஹைதராபாத்காரர். அதனால் நூர் தொடங்குவது தமிழில், முடிப்பது எதில் என்று அவருக்கே தெரியாது. அளவெடுப்பது, கணக்குப் போடுவது, திருகு மரைக்குத் தகுந்த கியரைப் பொறுக்கி மாட்டுவது, வாடிக்கைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் கோவிந்தராஜன். மெஷினில் நின்று வேலையை முடிப்பது நூர். "கை பாயோடது, வாய் எங்கவூட்டாரோடது" என்று வேதவல்லி சொல்வாள். அதில் பாதி கேலி, மீதி உண்மை.

அந்த வாய்தான் செவ்வாய்க்கிழமை காரியத்தைக் கெடுத்தது.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பராமரிப்புப் பார்க்கிற பிரசாத், கலக்கும் மெஷினுக்கு ஒரு ஷாஃப்ட் செய்யக் கொடுத்திருந்தார். ஒரு முழு நாள் வேலை. கடைசியில் நுனியில் மரை போட வேண்டியதுதான் பாக்கி. பிரசாத் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஃப்ட்டைக் கவ்விய சக்கு சுற்ற, நூர் கடைசி வெட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போது மூடிக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம். டூல் ஒரு துள்ளு துள்ளி மூன்று சுற்று மரையைச் சிதைத்துவிட்டு நின்றது. ஷாஃப்ட் வீண்.

"நூறு வாட்டி சொல்லிக்கிறேன், சக்கு நிக்கறதுக்குள்ள ரிவர்ஸ் போடாத, போடாதன்னு!" கோவிந்தராஜனின் குரல் சந்து முனைவரை கேட்டது. "கியர் பல்லு போச்சு பாரு!"

"நான் ரிவர்ஸே போடலை கோவிந்து. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சு..."

"பேசாத. உன் கை போச்சு நூரு. ஒத்துக்க."

அதோடு விட்டிருக்கலாம். பிரசாத்துக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும் என்பது நினைவுக்கு வந்து, அவர் பக்கம் திரும்பித் தெலுங்கிலும் ஒரு முறை சொன்னார்: இவன் கை போய்விட்டது சார், இனிமேல் இவனிடம் மெஷினைக் கொடுக்க மாட்டேன், மன்னிச்சுடுங்க.

நூர் பஞ்சு வேஸ்ட்டால் கையை விரல் விரலாகத் துடைத்தார். ஆணியில் மாட்டியிருந்த டிபன் பையை எடுத்தார். செருப்பைப் போட்டுக்கொள்ளும்போதுதான், "ஹவ், ஆமா. கை போச்சு. சரி" என்றார். போய்விட்டார். சாயங்காலம் போனில் செய்தி வந்தது: மருமகனின் பைப் கடையில் வந்து உட்காரச் சொல்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து அங்கே போகிறேன்.

புதன்கிழமை மூடியைத் திறந்தபோது உள்ளே மூன்று கியர்கள் மேலும் கீழுமாக ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நின்றன. சக்கு சுற்றுவதை மேல் கியர் வாங்கி நடு கியருக்குக் கொடுக்கும். நடு கியர் அதைக் கீழே தள்ளும். கீழ் கியர் நீளத் திருகைச் சுற்றினால்தான் டூல் கணக்காக நகர்ந்து மரை விழும். இந்த மூன்றில் ஒரு பல் போனாலும் கணக்கு தப்பிவிடும். கோவிந்தராஜன் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு, சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். நடு கியரில் ஒரு பல் பாதி இல்லை. அதற்கடுத்த பல்லில் மயிரிழை விரிசல். எல்லாப் பற்களும் நுனி மெலிந்து, அரைத்துப் போட்ட மாதிரி இருந்தன. மேலும் கீழும் இருந்தவையும் அதே லட்சணம்தான்.

"தின்னு வெச்சிக்கிறான்" என்று வாய்விட்டே சொன்னார்.

மூன்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். நடு கியரின் பற்களை எண்ணினார். ஐம்பத்தேழில் வேதவல்லி போன் செய்து மத்தியானம் ரசம் போதுமா என்றாள். மறுபடி எண்ணியபோது அறுபது. இன்னொரு முறையும் அறுபது. ஒரு செய்தித்தாளை விரித்து, மசி தடவிய கியரை அதன்மேல் ஒரு சுற்று உருட்டி, விழுந்த கோடுகளையும் எண்ணி உறுதி செய்துகொண்டார். அவர் எதையும் அப்படித்தான் செய்வார். வெர்னியரால் விட்டத்தை எடுத்து, பழைய இங்கிலீஷ் அங்குலக் கணக்கில் வகுத்து, ஒரு துண்டுத்தாளில் மூன்று கியருக்கும் அளவு எழுதி மடித்து வைத்தார். இத்தனை அளந்தவரின் கண்ணில், நடு கியரின் பற்களில் ஒரு பக்கம் சிவப்புப் பெயின்ட் மின்னியதும் படத்தான் செய்தது. புத்தியில் ஏறவில்லை.

வியாழக்கிழமை மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ராணிகஞ்சுக்குப் போனார். அங்கே கியர் வெட்டுகிற குணசேகரன் கோயம்புத்தூர்க்காரர். வந்து ஆறு வருடம்தான் ஆகிறது, ஆனால் அந்தத் தெருவில் அவரிடம் கொடுத்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று பெயர்.

"வாங்ணா. யாரைக் கொன்னு கொண்டாந்திருக்கீங்க?" என்று பையை வாங்கினார்.

துண்டுத்தாளைப் பார்த்தார். நடு கியரை எடுத்து ஒருமுறை தானும் அளந்தார். "கணக்கு சுத்தமா இருக்குதுங்ணா. நிறையப் பேரு இதை மில்லிமீட்டர்ல அளந்து, கிட்டத்துல வர்றதை வெட்டச் சொல்லீருவாங்க. மாட்டுனா ஓடும், ஆனா ஆறு மாசத்துல பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து முழுங்கீரும்."

கோவிந்தராஜனுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. "இன்னா பண்றது. நம்ம கூட்டாளி ஒருத்தன். நிக்கறதுக்குள்ள ரிவர்ஸ்ல அடிச்சு அடிச்சு இப்படிப் பண்ணிட்டான்."

குணசேகரன் கியரை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு பெருவிரல் நகத்தைப் பல்லின் குறுக்கே இழுத்தார். நடுவில் நகம் தட்டி நின்றது.

"ரிவர்ஸ்ல அடிச்சா அடி பல்லு முழுசுக்கும் விழுமுங்க. இதைப் பாருங். பாதி அகலந்தான் கடிச்சிருக்குது. மிச்சப் பாதி பொறந்த மேனிக்கு இருக்குது. அடிச்ச பெயின்ட்கூடப் போகலை."

"அது..."

"மத்த ரெண்டுலயும் அப்பிடித்தானுங்க, பாருங். இந்த நடுக் கியரு எடம் மாறி உள்ள தள்ளி உக்காந்திருக்குது. முழுப் பல்லு தாங்க வேண்டிய பாரத்தைப் பாதிப் பல்லு தாங்குனா எத்தனை நாளைக்குத் தாங்கும்? பின்னால ஒரு காலர் வருமே, சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு வளையம். இருக்குதுங்களா?"

"இருந்துது."

"எப்ப வரைக்கும்?"

கோவிந்தராஜன் காலிப் பையை மடித்தார்.

"யாருங்ணா கடைசியாக் கழட்டி மாட்டுனது? அந்தக் கூட்டாளியா?"

"எப்ப தருவீங்க மூணையும்?" என்று கேட்டார் கோவிந்தராஜன்.

"சனிக்கெழமை வாங்க. ஆனா அந்த வளையம் இல்லாம மாட்டிறாதீங்க. புதுசையும் இதே மாதிரி கொண்டாந்து நிப்பீங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் அது புத்தியில் ஏறியது. சிவப்புப் பெயின்ட். அதை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு வருடம்தான் கியருக்கு அடித்தார், போன வருடத்துக்கு முந்தின ஆயுத பூஜைக்கு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கியரைக் கழற்றிக் கழுவி மாட்டுவது எப்போதும் அவர் வேலை. நூர் அதில் கை வைப்பதில்லை. மோண்டா மார்க்கெட்டிலிருந்து சாமந்தி மாலை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார். அந்த வருடம் வீட்டு கேட்டுக்கு அடித்த பெயின்ட் அரை டப்பா மிச்சம் இருந்தது. கியர்களுக்கும் ஒரு பூச்சு கொடுத்தார். "அரே, கியருக்கு லிப்ஸ்டிக்கா? கல்யாணம் எப்போ?" என்று நூர் அன்றைக்குச் சிரித்தார். காயட்டும் என்று கியர், ஸ்பேனர், வெர்னியர் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சாமி முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தாயிற்று. மறுநாள் ராகு காலம் தொடங்குவதற்குள் மெஷினை ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரம். அள்ளிக்கொண்டு வந்து மாட்டினார். நடு கியரை இறுக்கும்போது நட்டுப் பக்கம் இடைவெளி தெரிந்தது. பழைய மெஷின், எங்கேயாவது இளகியிருக்கும் என்று முன்பக்கம் இரண்டு வாஷரைப் போட்டு இறுக்கினார். அந்த இரண்டு வாஷரை இப்போது விரல் நுனியில் உணர முடிந்தது. கியர் சுற்றியது. தேங்காய் உடைத்தார்கள். அதற்கப்புறம் கழற்றி மாட்டியபோதெல்லாம் அதே இரண்டு வாஷர்தான்.

அடுத்த வாரமே நூர் சொன்னார்: "சத்தம் மாறிக்கீது கோவிந்து. தொறந்து பாரு." கோவிந்தராஜன் சொன்ன பதில் இப்போது பஸ்ஸில் வார்த்தை பிசகாமல் திரும்பி வந்தது. "உன் காதுல மெழுகு ஏறிக்கீது. போய்க் கழுவு."

நூர் அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் வேதவல்லி வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"வேதா, ஒரு இரும்பு வளையம். இத்தாம் பெருசு. அன்னிக்கி பூஜைத் தட்டுல வெச்சேன். ரெண்டு வருஷம் முன்ன."

"ரெண்டு வருஷம் முன்ன வெச்சதுக்கு இன்னிக்கி வந்து கேக்கறீங்களா? எந்த வளையம்? வெளக்குக்கு அடியில இக்கிதே, அதுவா?"

சாமி அலமாரியில் சின்னக் காமாட்சி விளக்கு, அளந்து செய்ததுபோல் அந்த வளையத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. வளையத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை. நான்கு பக்கமும் குங்குமம், நேற்று வைத்தது.

"இதை ஏன் எடுத்து இங்க வெச்சே?"

"நானா எடுத்தேன்? நீங்கதான் எல்லாத்தையும் அள்ளிக்கினு இதை மட்டும் வுட்டுட்டுப் போனீங்க. சாமிக்குன்னு வெச்சிட்டுப் போறாருன்னு நெனச்சேன். வெளக்கு ஆடாம நிக்குது, நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மிக்ஸியை நிறுத்தினாள். "இன்னாங்க? இது மிஷினோடதா?"

சொன்னார். சொல்லி முடிக்கிறவரை அவள் கையில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ பாய் மேல தப்பே இல்லை."

"பழைய மெஷின் வேதா. தேயத்தான் தேயும்."

"நான் மிஷினைக் கேக்கலை."

அவர் விளக்கைத் தரையில் வைத்து, வளையத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சனிக்கிழமை புதுக் கியர்கள் வந்தன. பட்டறையில் தனியாக உட்கார்ந்து மாட்டினார். வளையம் பின்னால் போனதும் நடு கியர் தன் இடத்துக்கு வந்து, மூன்றும் ஒரே வரிசையில், பல்லின் முழு அகலத்துக்கும் பொருந்தி நின்றன. இரண்டு கியருக்கும் நடுவே செய்தித்தாள் கீற்று ஒன்றைக் கொடுத்து, அது கசங்கி வெளியே வருகிற அளவுக்கு இடம் விட்டு இறுக்கினார். சுவிட்சைப் போட்டார். லேத் முனகலோடு ஓடியது. இரண்டு வருடமாகத் தன் காதுக்குப் பழகிப்போயிருந்த ஒரு கரகரப்பு இல்லாமல் போனதை அப்போதுதான் கவனித்தார்.

இனி அவர் சொன்னாலொழிய யாருக்கும் தெரியப்போவதில்லை. வேதவல்லி சொல்ல மாட்டாள். குணசேகரனுக்கு நூர் யார் என்றே தெரியாது. புதுக் கியர் போட்டாச்சு, போனது போகட்டும், வா என்று கூப்பிட்டால் நூர் வந்துவிடக்கூடும். பெரிய மனசு பண்ணிக் கூப்பிட்ட மாதிரியும் இருக்கும். அந்த யோசனை பிடித்துப்போய் போனை எடுத்துப் பேசினார்.

"நூரு, கியரு மாத்திட்டேன். திங்கக்கெழமை வந்துடு. நடந்ததை மறந்துடலாம்."

"நக்கோ கோவிந்து, வேணாம்" என்றார் நூர். குரலில் கோபம் இல்லை, அதுதான் கோவிந்தராஜனைக் குத்தியது. "நீ சொன்னது சரிதான். நான் யோசிச்சுப் பாத்தேன். கை சரியில்லை. எனக்கே தெரியாம ரிவர்ஸ் போட்டிருப்பேன். இன்னொரு ஆளோட ஷாஃப்ட்டைக் கெடுக்கறதுக்கு முந்தி நானே விலகிக்கறேன்."

"அப்பிடியெல்லாம் இல்லை..." என்று ஆரம்பித்தவர், "சரி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே வேதவல்லி சொன்னாள்: "பாய் வூட்டுலேர்ந்து ஃபாத்திமா பேசிச்சு. பாய் கிளாஸ் நெறையத் தண்ணி ஊத்தி, கையை நீட்டிப் புடிச்சுக்கினு நிக்கிறாராம். கை ஆடுதான்னு பாக்கறாராம். ஒரு நாளைக்குப் பத்து வாட்டி. நரம்பு டாக்டருகிட்ட கூட்டிக்கினு போன்னு சொன்னாராம்."

கோவிந்தராஜன் சோற்றைப் பிசைந்தார்.

"ஆடுதா?" என்று கேட்டார்.

"பத்து வாட்டி புடிச்சா யாருக்குத்தான் ஆடாது?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய நடு கியரைத் துணிப்பையில் போட்டார். நூரிடம் வளையத்தையும் காட்ட வேண்டும் என்று, முந்தின நாள் மாட்டியதைப் பட்டறைக்குப் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. குங்குமம் பாதி அழிந்திருந்தது. தர்கா மலைக்குப் போகிற தெருவில் மூன்றாவது வீடு நூருடையது. அவர் மனைவி ஃபாத்திமா கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணா. அவரு உள்ளதான் இருக்காரு. கிளாஸ் புடிச்சிக்கினு" என்றாள், சிரிக்காமல்.

நூர் கிளாஸைக் கீழே வைத்தார். "வா, உக்காரு. சாய் போடச் சொல்றேன்."

கோவிந்தராஜன் உட்காரவில்லை. கியரை எடுத்து டீப்பாய்மேல் வைத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் ஒன்று இருந்தது, அது வரவில்லை.

"பாரு" என்றார்.

நூர் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. கியரை மடியில் வைத்துப் பெருவிரல் நகத்தை ஒரு பல்லின் குறுக்கே இழுத்தார். நின்றது. அடுத்த பல். நின்றது. திருப்பிச் சிவப்புப் பெயின்ட்டைப் பார்த்தார். குணசேகரன் வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னதைக் கண்டுபிடிக்க இவருக்கு இரண்டு பல் போதுமாயிருந்தது.

"காலர் எங்கே?"

கோவிந்தராஜன் வளையத்தையும் எடுத்து வைத்தார்.

"எங்க இருந்துச்சு?"

"சாமி அலமாரியில. வெளக்குக்கு அடியில."

"எத்தனை நாளா?"

"அந்தப் பெயின்ட் அடிச்ச வருசத்துலேர்ந்து."

கதவருகே நின்ற ஃபாத்திமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நூர் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருசம்" என்றார். "சத்தம் மாறிக்கீது மாறிக்கீதுன்னு நான் சொன்னேன். நீ காதைக் கழுவச் சொன்னே. கழுவினேன் கோவிந்து! காசு குடுத்து டாக்டருகிட்ட போய்க் காதைக் கழுவிக்கினு வந்தேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எப்படித் தெரியும்? நீ கணக்குப் போடற ஆளு. நான் சும்மா கைதானே." குரல் ஏறியது. "எப்பத் தெரிஞ்சுது இது?"

"வியாழக்கெழமை."

"நேத்து போன் பண்ணப்போ தெரியும்."

"தெரியும்."

"அப்போ சொல்றதுக்கு என்ன?"

"வாய் வரலை நூரு."

"மத்த நேரத்துல நல்லா வருதே."

ஃபாத்திமா சாய் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் எடுக்கவில்லை, அவளாகவே ஒன்றை எடுத்து நூரின் கையில் திணித்தாள். கோப்பை நிறைய இருந்தது. ஒரு சொட்டும் தளும்பவில்லை. நூர் அதைப் பார்க்கவில்லை, கோவிந்தராஜன் பார்த்தார்.

"என் தப்பு" என்றார். "உன் கையில ஒண்ணும் இல்லை. நான் மாட்டினது தப்பு. சொல்லாம வுட்டது அதைவிடத் தப்பு."

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்?" நூர் கோப்பையை வைத்தார். "என் வீட்டுல என் பொண்டாட்டி முன்னாடி சொல்றே. என் கையைப் பத்தி அவளுக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கி யார் முன்னாடி சொன்னே?"

"பிரசாத்."

"எதுல சொன்னே?"

"தெலுங்குல."

"ஹவ்" என்றார் நூர். கடைக்குப் போகிறாரா, பட்டறைக்கு வருகிறாரா என்று கேட்கும் தைரியம் கோவிந்தராஜனுக்கு வரவில்லை. வளையத்தை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். கியரை நூர் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கோவிந்தராஜன் பட்டறையைத் திறந்து, வளையத்தை மறுபடி மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தபோது டிபன் பை ஆணியில் விழும் சத்தம் கேட்டது. நூர் வணக்கம் சொல்லவில்லை. நேராக வந்து, "தள்ளு" என்றார். குனிந்து, ஒரு செய்தித்தாள் கீற்றைக் கியருக்கு நடுவே கொடுத்துச் சக்கைக் கையால் சுற்றினார். வெளியே வந்த கீற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இவ்ளோ இறுக்கமாவா வைப்பாங்க? பத்து நாள்ல மறுபடி ராணிகஞ்சு போறதா உத்தேசமா?"

நட்டை இளக்கி, மயிரளவு நகர்த்தி, மறுபடி இறுக்கினார். கோவிந்தராஜன் ஸ்பேனரை வாங்கி வைக்க மட்டும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கடைக்கு?" என்று கேட்டார் ஒரு வழியாக.

"மருமகனுகிட்ட ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன்" என்றார் நூர். "பாக்கலாம்."

பிரசாத் ஷாஃப்ட்டுக்கு வேறு இரும்புக் கம்பி அனுப்பியிருந்தார். நூர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வேலையை ஓட்டினார். மரை போடும்போது கோவிந்தராஜன் வெளியே போய் நின்றுகொண்டார், பார்க்கத் தெம்பில்லை. ஒவ்வொரு வெட்டிலும் மெஷின் சீராக ஓடி நிற்பது மட்டும் கேட்டது. நான்கு மணிக்குப் பிரசாத் பைக்கில் வந்து இறங்கினார். ஷாஃப்ட் பலகைமேல் துடைத்து வைத்திருந்தது. நூர் லேத்தை நிறுத்திவிட்டுச் சக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரசாத் நட்டைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெய்போல் இறங்கியது. "பாகுந்தி" என்று பாராட்டினார். பில்லைக் கேட்டார். கோவிந்தராஜன் பில்லை எடுக்கவில்லை.

"பிரசாத் காரு" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு உங்கள் ஷாஃப்ட் கெட்டது நூரால் இல்லை என்று தெலுங்கில் சொன்னார். கியரைக் கழற்றி மாட்டியபோது ஒரு வளையத்தைப் போடாமல் விட்டது நான். இரண்டு வருடம் அது தவறாக ஓடித்தான் பல் உடைந்தது. இவர் கையில் எந்தக் குறையும் இல்லை. இதோ, இந்த மரையும் இவர் போட்டதுதான். அன்றைக்கு நான் சொன்னது தப்பு.

பிரசாத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு நடந்தது அவருக்கு ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை. "சரே சார்" என்றார். "இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். எப்போ தருவீங்க?"

"வியாழக்கெழமை" என்றார் கோவிந்தராஜன். உடனே வாயை மூடிக்கொண்டு நூரைத் திரும்பிப் பார்த்தார்.

நூர் சக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "என்னமோ சொன்னியே அவருகிட்ட" என்றார் தமிழில். "மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை."

மெஷின் ஓடவே இல்லை. சந்தில் ஒரு ஆட்டோகூட இல்லை.

கோவிந்தராஜன் பிரசாத்தின் பக்கம் திரும்பி, முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.